யானை கண்டெடுத்தது, ரயில் ஏற்றிப்போனது

எங்கள் சிம்பாங் பூலாயில் மலை இருக்கிறது, ரயில் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரன் கம்பி போட்டபோது பத்து காஜா பக்கமாக வளைத்துக்கொண்டு போய்விட்டான். கோப்பேங்குக்கும் நமக்கும் மாட்டுவண்டிச் சடக்குதான் மிச்சம். அதனால் அடுத்தவர் ஊர் ரயிலைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. பங்காளியாக இல்லாதவன்தானே பஞ்சாயத்து பேச முடியும்?

அடுத்தவர் ஊர் என்பது தைப்பிங். லாருட் மலையடிவாரத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. மலாய் மாநிலங்களின் முதல் ரயில் ஓடிய ஊர். அந்த ஊர்க்காரரிடம் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் ‘முதல்’ என்ற சொல் பத்து தடவை வந்து விழும். அவர் சொல்லும் பட்டியலை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சிறைச்சாலை 1879. மியூசியம் 1883. ரயில் 1885. முதலில் ஆளைப் பூட்டி வைக்க ஓர் இடம், அடுத்து பொருளைப் பூட்டி வைக்க ஓர் இடம், அதற்கப்புறம்தான் வண்டி. காலனி ஆட்சி எப்படி நடந்தது என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர்கள் இந்த மூன்று ஆண்டுகளை எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருக்கலாம்.

கதையின் தொடக்கத்தில் ஒரு யானை. 1848 வாக்கில் லோங் ஜாஃபார் என்ற மலாய்த் தலைவரிடம் லாருட் என்றொரு யானை இருந்ததாம். ஒரு நாள் காட்டுக்குள் காணாமல் போனது. தேடிப் பிடித்துக் கொண்டுவந்தபோது கால் சேற்றில் ஈய மண் மின்னியது என்பது ஊர்க் கதை. மண்ணியல் படிக்காத அந்த யானைதான் பேராக்கின் வரலாற்றையே புரட்டிப் போட்டது. வட்டாரத்துக்கு அதன் பெயரை வைத்தார்கள். ராயல்டி எதுவும் போனதாகத் தெரியவில்லை.

ஈயம் என்றதும் சீனச் சுரங்கக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். வந்தவர்கள் ஹாய் சான், கீ ஹின் என்று இரண்டு ரகசியச் சங்கங்களாகப் பிரிந்து, 1861 முதல் 1874 வரை விட்டுவிட்டு அடித்துக்கொண்டார்கள். முதல் சண்டை வாய்க்கால் தண்ணீருக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது. லோங் ஜாஃபாரின் மகன் ஙா இப்ராஹிம்தான் அப்போது லாருட்டின் மந்திரி. அவருடைய கொள்கை மிகவும் தெளிவானது. ஜெயிக்கிற கட்சி என் கட்சி. யார் ஜெயிக்கிறார்கள் என்று அடையாளம் தெரியாமல் போன ஒரு கட்டத்தில்தான் அவருக்குக் காவல் படை தேவைப்பட்டது. இங்கே உள்ளே வருகிறார் ஸ்பீடி.

கேப்டன் ஸ்பீடியைக் கற்பனையில் உருவாக்கியிருந்தால் ஆசிரியர் நம்பகத்தன்மை போதாது என்று திருப்பி அனுப்பியிருப்பார். ஆறரை அடி உயரம், தாடி. எத்தியோப்பியாவில் பேரரசர் தெவோட்ரோஸுக்கு எதிராக ஆங்கிலேயர் 1868-இல் நடத்திய படையெடுப்பில் கூடப் போனவர். பேரரசர் இறந்த பிறகு அவருடைய சின்ன மகனுக்குக் கொஞ்ச காலம் காப்பாளராக இருந்தார். எத்தியோப்பிய உடுப்பில் ஈட்டியும் கேடயமுமாகப் படம் எடுத்துக்கொள்வதில் அவருக்குத் தனி ஆசை. பிறகு பினாங்கில் போலீஸ் அதிகாரி. மந்திரி கூப்பிட்டதும் அரசாங்க வேலையை உதறிவிட்டு இந்தியாவுக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு 1873-இல் லாருட்டில் வந்து இறங்கினார். ஒரு மலாய் மந்திரிக்காக, இந்தியச் சிப்பாய்களை வைத்து, சீனர்கள் சண்டையை அடக்க, எத்தியோப்பியாவில் பழகிய ஆங்கிலேயர். ‘ஒரே மலேசியா’ என்று நாம் சுவரொட்டி ஒட்டுவதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே லாருட் அதை ஒத்திகை பார்த்துவிட்டது.

1874 ஜனவரி 20-இல் பங்கோரில் ஒப்பந்தம். சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல ஓர் ஆங்கில ரெசிடென்ட் இருப்பார், மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆலோசனையை நம் வீடுகளில் மாமியார் சொல்வார். முதல் ரெசிடென்ட் பர்ச் அந்த வாசகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் ஆற்றுக் குளியலறையில் வைத்து அவரைக் குத்திக் கொன்றார்கள். சண்டை ஓய்ந்த சுரங்க ஊருக்கு ‘நிலையான அமைதி’ என்ற பொருளில் தைப்பிங் என்று சீனப் பெயர் வந்தது. ஸ்பீடி முதல் துணை ரெசிடென்டாக உட்கார்ந்து ஊருக்குத் தெரு கீறினார்.

பின்னாளில் ரெசிடென்டாக வந்த ஹியூ லோ நிதானமான மனிதர். தோட்டக்கலைப் பைத்தியம். 1877-இல் குவாலா கங்சாரில் தன் வீட்டுத் தோட்டத்தில் கித்தாக் கன்று நட்டவர் இவர்தான். நம் நான்கு தலைமுறை தலையெழுத்து அந்தத் துரையின் பொழுதுபோக்கில் முளைத்தது என்பதை அவர் பேரில் குற்றமாகச் சொல்ல முடியாது. செடி வைக்கிறவனுக்கு லயம் தெரியுமா, பிரட்டுக்களம் தெரியுமா?

லோ காலத்தில்தான் ரயில் யோசனை வலுத்தது. காரணம் பயணிகள் இல்லை. ஈயத்தை யானையிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றி, மழைச் சேற்றில் இழுத்து, கடல்முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் பாதி லாபம் கரைந்துவிடும். தீபகற்பத்திலேயே அதிக மழை வாங்குகிற ஊர்களில் ஒன்று தைப்பிங். அந்தச் சேற்றில் வண்டி ஓட்டியவன் வாயில் வந்த சொற்கள் எந்த அரசாங்க அறிக்கையிலும் ஏறவில்லை. எட்டு மைல் பாதை போட முடிவானது. சதுப்புக் காட்டோரம் ஒரு துறைமுகம் எழுப்பி, கவர்னர் பிரெடெரிக் வெல்டின் பெயரில் போர்ட் வெல்ட் என்று அழைத்தார்கள்.

கம்பி போட யார்? இலங்கையில் ஏற்கெனவே மலைக்கு ரயில் ஏற்றிப் பழகியிருந்தார்கள். அங்கிருந்து பயனியர் படையின் இரண்டு பிரிவுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். 1885 ஜூன் 1-ஆம் தேதி முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போனது. எட்டு மைல்தான். இன்று ஈப்போவிலிருந்து எங்கள் ஊருக்கு ரொட்டி சானாய் சாப்பிட வருகிறவர் ஓட்டுகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. வழியில் சிம்பாங் என்று ஓர் ஊர் உண்டு. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டு அந்த அதிகாரிகள் தவறான சிம்பாங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

பாதை வந்ததும் ரயில்வேக்குள் ஒரு தனி உலகம் உருவானது. மேலே வெள்ளைக்காரத் துரை. நடுவே யாழ்ப்பாணத்துக்காரர்: ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி, கையில் ஆங்கிலம், பையில் கடிகாரம். கீழே கடப்பாறையோடு தமிழ்நாட்டுக்காரர். மேஜையில் இருப்பவருக்கும் தண்டவாளத்தில் இருப்பவருக்கும் ஒரே மொழிதான். ஆனால் ஒரு கல்யாணப் பேச்சு அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே போய் வந்ததாக எந்தக் கிழவரும் எனக்குச் சொன்னதில்லை. வண்டிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று இருந்ததை நாம் குறை சொல்கிறோம். பிளாட்பாரத்தில் வகுப்பு இன்னும் அதிகம்.

இதற்கிடையே தெற்கே எங்கள் கிந்தாவிலும் ஈயம் கொப்புளித்தது. தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோட் வரை 1893-இல் ரயில் வந்து, 1895-இல் ஈப்போவைத் தொட்டது. நடுவில் 1894 செப்டம்பர் 17-ஆம் தேதி ஒரு சம்பவம். தெலுக் ஆன்சன் பாதையில் காட்டு யானை ஒன்று தன் கூட்டத்தைக் காக்க ரயிலை நேருக்கு நேர் முட்டித் தடம் புரட்டியது. யானையும் செத்தது. புதைத்த இடத்தில் அந்தச் செய்தியை எழுதிப் பலகை நட்டார்கள்.

என் கணக்கில் பேராக் வரலாறு என்பது இந்த இரண்டு யானைகளுக்கு இடையில் நடந்தது. முதல் யானை ஈயத்தைக் காட்டிக் கொடுத்தது. சுமார் நாற்பத்தாறு வருடம் கழித்து இரண்டாவது யானை அதன் விளைவைப் பார்த்துக் கடுப்பாகி, மனு எழுதாமல், சங்கம் கட்டாமல், நேராக எஞ்சினிடமே பேசிவிட்டது. துணிச்சலுக்கு ஒரு பலகை கிடைத்தது. நியாயம்தான். அதே பாதையில் ஸ்லீப்பர் கட்டை தூக்கி, மலேரியாவில் மாண்டவர்களில் ஒருவர் பெயர் தாங்கிய பலகையை நான் பார்த்ததில்லை. நம் ஆட்கள் ரயிலை முட்டாமல் இருந்ததுதான் தப்பு போலிருக்கிறது.

தைப்பிங்கின் பெருமையை முடித்து வைத்ததும் ரயில்தான். எட்டு மைல் பாதை குழந்தைபோல் வளர்ந்தது. புக்கிட் பெராப்பிட்டில் மலையைக் குடைந்து தெற்கே இறங்கியது, 1900-இல் விக்டோரியா பாலத்தில் பேராக் ஆற்றைத் தாண்டியது, 1903-இல் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே கோடாக ஆனது. பினாங்குக்கு நேராகப் போக வழி வந்த பிறகு போர்ட் வெல்டின் சதுப்பில் யார் கப்பலைத் தேடுவார்கள்? லாருட்டில் ஈயமும் வற்றியது. கிந்தாவில் பொங்கியது. 1930களில் மாநிலத் தலைநகரமே தைப்பிங்கிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டது. நாங்கள் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது என்பதுதான் எங்கள் பக்கத்து வாதம். வருவதற்கு முன்பே, 1917-இல், ஹபேக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த பிரம்மாண்ட ஸ்டேஷனைக் கட்டித் தயாராக வைத்திருந்தோம் என்பது தைப்பிங்காரர்களின் எதிர்வாதம். ‘ஈப்போவின் தாஜ் மகால்’ என்று அதற்குப் பட்டப்பெயர். கும்மட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பில்லைப் பார்த்தும் சொல்லியிருக்கலாம்.

எங்கள் பக்கமும் இழப்பு உண்டு. ஈப்போவிலிருந்து துரோனோ வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பான்காரன் வந்து அந்தக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போனான். கம்பியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோட்டம் தோட்டமாக ஆளையும் பிடித்து சயாம் மரண ரயில் போட அனுப்பினான். போன பல்லாயிரம் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. இந்தப் பத்தியில் எனக்கு வேடிக்கை வரவில்லை. வரவும் கூடாது.

இன்றைய தைப்பிங் ஓய்வு பெற்றவர்களின் ஊர். பழைய ஈயக் குழிகளில் நீர் நிரப்பி ஏரிப் பூங்கா ஆக்கி, சுற்றிலும் மழைமரம் வைத்துவிட்டார்கள். 2019-இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில், நிலைத்த வளர்ச்சிக்கான நகரங்களில் உலகில் மூன்றாவது என்று பரிசும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பூமியைத் தோண்டிப் போட்டுவிட்டு நூறு வருடம் சும்மா இருந்தால் சுற்றுச்சூழல் விருது கிடைக்கும் என்று எங்கள் ஊர் குவாரி முதலாளிகளிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். மழைக்கும் அங்கே மவுசு குறையவில்லை. இன்று பெய்யுமா, எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயம் கட்டுகிற பழக்கம் அந்த ஊரில் பேர்போனது. பொழுதுபோகாத ஊரில் வானமே நான்கு நம்பர்.

மின்சார ரயில் இப்போது புக்கிட் பெராப்பிட்டில் புதிதாகக் குடைந்த மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டி, தைப்பிங்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறது. ஈயம் கிடையாது. கோலாலம்பூரிலிருந்து அம்மா கையால் சாப்பிட வருகிற பிள்ளைகள்தான் சரக்கு. போர்ட் வெல்டுக்கு அதுவும் போவதில்லை. அந்தப் பாதையை எப்போதோ மூடிவிட்டார்கள், ஊர் பெயரும் குவாலா செபெத்தாங் ஆகிவிட்டது. மீன்பிடி படகு, கரிச்சூளை, இறால் போட்ட மீ என்று அதற்கு வேறு பிழைப்பு. தண்டவாளம் போய்விட்டாலும் ஸ்டேஷன் பெயர்ப்பலகையை மட்டும் தூக்க மறந்துவிட்டார்கள். ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் போர்ட் வெல்ட் என்று நிற்கிறது. டிக்கெட் கொடுத்த இடம் காப்பிக்கடை. அங்கே ரயில் நேரம் கேட்டால் சிரிப்பார்கள், கோப்பி ஓ கேட்டால் உடனே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகை முன்னால் படம் பிடிக்க நிற்கிற வரிசையைப் பார்த்தால், ரயிலை நிறுத்தியது கொஞ்சம் அவசரப்பட்ட காரியமோ என்று தோன்றும்.