ஆஃபாயிலும் வகுத்தல் கணக்கும்

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளின் உணவை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் சாம்பாரில் தொடங்கிச் சாம்பாரிலேயே மூழ்கிவிடுவதால், அந்தச் சாம்பாரையே ஆட்டிவைக்கும் கணக்குமுறை அவர்கள் கண்ணில் படுவதில்லை. 'டிவைடிங் சிஸ்டம்' என்று பல விடுதிகளில் வழங்கும் அம்முறைப்படி, அரிசி, பருப்பு, காய்கறி, பால், எரிவாயு என ஒரு மாதத்துக்கு ஆன மொத்தச் செலவு, மாணவர் அனைவரும் விடுதியில் இருந்த நாள்களின் கூட்டுத்தொகையால் வகுக்கப்படுகிறது. தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் தொகை, அவரவர் இருந்த நாள்களால் பெருக்கப்பட்டு, 'மெஸ் பில்' என்ற பெயரில் அறிவிப்புப் பலகைக்கு வந்துசேர்கிறது. யார் எவ்வளவு உண்டார் என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. இருந்தாரா, ஊருக்குப் போனாரா என்பதே கேள்வி.

'மெஸ்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு வேளைக்குப் பரிமாறப்படும் உணவையே குறித்தது என்றும், குழப்பம், அலங்கோலம் ஆகிய பொருள்கள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டன என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அந்தப் பொருள் மாற்றம் எந்த விடுதியில் நிகழ்ந்திருக்கும் என்று மாணவர்களைக் கேட்டால், ஆளுக்கொரு முகவரி கிடைக்கும்.

வகுத்தல் முறையின் நுட்பம் முட்டையில் விளங்கும். 300 பேர் உள்ள விடுதியில் ஒருவர் கூடுதலாக ஓர் ஆஃபாயில், அதாவது ஒருபுறம் மட்டும் வெந்து மஞ்சள் கரு தளும்ப நிற்கும் முட்டை, வாங்கி உண்கிறார் என்றும் அதன் விலை 6 ரூபாய் என்றும் கொண்டால், அவர் தலையில் விழுவது 2 காசு மட்டுமே. மீதி 5 ரூபாய் 98 காசை அந்த முட்டையைக் கண்ணால்கூடப் பாராத 299 பேர் சுமக்கின்றனர். இத்தகைய நிலையைத்தான் கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-இல் 'பொதுநிலத்தின் அவலம்' என்ற பெயரில் விளக்கினார்: ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் கூடுதலாக ஒரு மாட்டை அவிழ்த்துவிடுபவனுக்கு லாபம் முழுதும் அவனுடையது, நட்டமோ ஊருக்குப் பொது, எல்லாரும் அப்படியே அவிழ்த்துவிட்டால் புல் மிஞ்சாது. விடுதியிலும் 300 பேரும் அதே 2 காசுக் கணக்கைப் போட்டு ஆளுக்கொரு ஆஃபாயில் கேட்பதால், மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் முழு 6 ரூபாயையும் கட்டிவிட்டு, மெஸ்ஸில் கொள்ளை நடக்கிறது என்று பேசிக்கொள்கின்றனர்.

இந்த ஏற்பாட்டில் உண்மையான அன்னதானப் பிரபுக்கள் தூங்குகிறவர்கள். காலை ஒன்பது மணிக்கு மெஸ் கதவு சாத்தப்படும் என்றால் எட்டு ஐம்பத்தைந்துக்குக் கண்விழிக்கும் இவர்களுக்குச் சிற்றுண்டி என்பது செவிவழிச் செய்தி. ஆயினும் அதற்கான தொகையை மாதந்தோறும் தவறாமல் செலுத்தி, பிறர் பசி தீர்க்கின்றனர். பூரி போடும் நாளில் மட்டும் இந்த ஈகைக் குணம் மறைந்துவிடும். எழுப்பிவிடும்படி அறைத்தோழரிடம் முந்தின இரவே சொல்லிவைத்து, பல் துலக்காமலும் வரிசையில் வந்து நிற்பர். உப்புமா நாளில் வரிசையே இராது. இந்த இயல்பை அறிந்த சமையற்காரர், தலைக்கான நாள் தொகை எகிறும் மாதங்களில் வாரம் மூன்று முறை உப்புமா கிண்டிவிடுவார். உப்புமாவைச் சிற்றுண்டி என்று வகைப்படுத்துவது அறியாமை. அது ஒரு நிதிக்கொள்கை.

காலையில் விட்ட உணவை உடல் இரவு பதினொன்றரைக்குக் கேட்கும். இந்தியாவுக்கு 1983-இல் வந்து, 2015 ஜூனில் தடைபட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே கடைகளுக்குத் திரும்பிவிட்ட மேகி நூடுல்ஸ் அப்போது கைகொடுக்கிறது. அறையில் அடுப்பு கூடாது என்பது விதி. ஆகவே தேநீருக்கென்று வாங்கிய மின்கெண்டி சமையற்கலமாகிறது. நீர் கொதித்ததும் எழும் ஆவி உள்ளிருக்கும் உலோகப் பட்டையைச் சூடாக்கி வளைப்பதால்தான் கெண்டி தானாக அணைகிறது. மூடியைத் திறந்துவைத்தால் ஆவி அந்தப் பட்டையை எட்டாது, கெண்டியும் அணையாது என்பதை இயற்பியலில் அரியர் வைத்திருக்கும் மாணவரும் தெளிவாக அறிவார். நூடுல்ஸ் நீர் பொங்கி, மேசையில் வழிந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இறங்கி, தளம் முழுவதும் இருளும். வார்டனுக்கு டார்ச் தேவைப்படுவதில்லை. மசாலா வாசனையைப் பிடித்துக்கொண்டே சரியான அறைக்கு வந்துவிடுவார். ஒரு கெண்டியைச் சுற்றி நால்வர், கரண்டிக்குப் பதிலாக அடிஸ்கேல், தட்டுக்குப் பதிலாகக் குளியல் மக்கு என்ற கோலத்தில் அகப்படுவோர், தலைவலிக்கு வெந்நீர் வைத்ததாகவே எப்போதும் சொல்கின்றனர்.

சாப்பாட்டைப் பற்றி உரக்கக் குறை கூறுபவரை அடக்குவதற்கு விடுதிகள் கண்ட வழி, அவரையே அடுத்த மாதத்துக்கு 'மெஸ் ரெப்' ஆக்கிவிடுவது. மெஸ் ரெப் என்பவர் கொள்முதலுக்கு உடன் சென்று, கணக்கையும் மேற்பார்க்கும் மாணவப் பிரதிநிதி. சென்னை விடுதியாயின் இவர் விடியுமுன் சமையற்காரருடன் கோயம்பேட்டுக்குப் போகவேண்டும். அங்கே கத்தரிக்காய் எட்டாத விலையில் இருப்பதையும், முள்ளங்கி மூட்டைகள் கேட்பாரற்றுக் கிடப்பதையும் தூக்கக் கண்ணோடு பார்த்து, சாம்பாரின் விதி அடுப்பில் அன்றி மண்டியில் எழுதப்படுகிறது என்பதை உணர்ந்து, மூட்டைகளோடு திரும்புவார். அன்று மதியம் முதலாண்டு மாணவர் ஒருவர் கரண்டியால் கிளறிப் பார்த்து, "என்னண்ணா, இன்னைக்கும் முள்ளங்கியா?" என்பார். போன மாதம் இதே கேள்வியை இதே மேசையில் கேட்டவரான ரெப், "தம்பி, கத்தரிக்கா கிலோ என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?" என்று அதட்டுவார். அன்றிரவு அவரைத் தேடுவோர், விடுதி வாசலுக்கு எதிரே உள்ள கடையில், சால்னாவில் ஊறும் இரண்டு பரோட்டாக்களுக்கு முன்னால் காணலாம்.