சீலைக் கணக்கு

வாம்மிணி, வா. மூஞ்சியில பல்பு எரியுது. ஆன்லைன் யாவாரிக மாநாடாமா, சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டராமா, ரெண்டு நாளாமா. உன்ற ஆத்தா காலையிலயே சொல்லிப்போட்டா. போயிட்டு வா, ஆரு வேண்டாம்னா? சந்தை சந்தையாச் சீலை மூட்டை தூக்கித் திரிஞ்ச குடும்பத்துல, யாவாரம் படிக்கறதுக்குன்னு ஏசி மண்டபத்துக்குப் போற மொதோ ஆளு நீதான். அதுக்காவ அப்புச்சிகிட்ட ஆசீர்வாதம் மட்டும் வாங்கிட்டு நழுவிரலாம்னு பாக்காதே. ஆசீர்வாதம் ஓசி. புத்திமதிக்குத்தான் வெத்தலை வேணும். அந்தச் சுண்ணாம்பு டப்பாவைச் சித்தெ இக்கட்டால தள்ளு.

மொதல்ல ஒண்ணு சொல்லு. ஒரு இளம்பிள்ளைச் சீலை வித்தா உனக்குக் கையில என்ன நிக்கும்? அறுவது ரூபாயா. பொய் சொல்லாதே. அறுவதேதானா? சரி, அறுவதே வெச்சுக்கலாம். இனிமே நீ திரும்பி ஊடு வந்து சேர்ற வரைக்கும் ரூபாய்ங்கற பேச்சே வேண்டாம். எல்லாத்தையும் சீலையில எண்ணு.

சிரிக்காதே கண்ணு. அந்த அறுவது ரூபாய் எப்படி வருதுன்னு நானும் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ராத்திரி பத்து மணிக்கு மொத்த யாவாரி குரூப்புல போட்டோ போடறான். நீ அதை எடுத்து வெலையை மாத்தி ஸ்டேட்டஸ்ல வெக்கறே. ஒருத்தி, "அக்கா, இதுலயே மயில் கழுத்துக் கலர் இருக்குமா?"ங்கறா. தேடி அனுப்பறே. "பார்டர் இன்னும் சின்னதா?"ங்கறா. அதையும் அனுப்பறே. "வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்"னு போறவ மூணு நாளா ஆன்லைன்லயே இருக்கறா, உனக்கு மட்டும் பதில் இல்ல. கடைசியில எவளோ ஒருத்தி வாங்கறா. வாங்குனவ கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போயிட்டு, முந்தானையில சந்தனக் கறையோட, "கலர் போட்டோவுல பாத்த மாதிரி இல்லீங்"னு திருப்பி அனுப்பறா. இத்தனையும் தாண்டி நிக்கறது அந்த அறுவது. அதைப் போயி அங்க ஒரு காப்பிக்கு நீட்டிப்போட்டு வருவியா நீ?

இப்ப டிக்கெட்டுக்கு வா. அஞ்சாயிரம், மேல பதினெட்டு சதம் ஜிஎஸ்டி 900. ஆக 5900. தொண்ணூத்தெட்டுச் சீலை வித்தும் இருவது ரூபா தொங்குது. வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, பில்லுல உன்ற ஜிஎஸ்டி நம்பரைப் போடச் சொல்லு. அந்தத் 900-த்தை நீ கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். பதினஞ்சு சீலை மிச்சம். போன தடவை எங்கியோ பயிற்சிக்குன்னு போயி, "வெறும் பேருல பில்லுப் போட்டுட்டாங்க அப்புச்சி"ன்னு வந்து நின்னியே, அந்தப் பதினஞ்சு சீலை போனது போனதுதான். ஆடிட்டரைத் திட்டி என்ன பண்றது?

"இன்னைக்கு ராத்திரி பன்னெண்டோட வெலை ஏறுது அப்புச்சி, கடியாரம் ஓடுது பாருங்க"ன்னு போனைக் காட்டறியே. ஏனம்மிணி, நேத்துப் பொழுதோட உன்ற ஸ்டேட்டஸ்ல, "கடைசி ரெண்டு பீஸ்தான், முந்துங்கள்"னு போட்டது ஆரு? மச்சுல நாப்பது பீஸு அடுக்கிக் கெடக்கறதை நான் பாக்கலீன்னு நெனச்சியா? அதே வித்தையைத்தான் அவன் உங்கிட்டக் காட்டறான். ஊருக்கெல்லாம் கடியாரம் ஓட்டற நீ, அடுத்தவன் கடியாரத்தைப் பாத்து ஓடலாமா? நெசமாவே போறதுன்னா இப்பவே வாங்கு, அது லாபம். போலாமா வேண்டாமான்னு மனசு ஊசலாடறப்ப வாங்குனீன்னா, அது அவனுக்கு லாபம்.

போக்குவரத்து சுலுவு. ஈரோட்டுலயே கெளம்பற ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்குது. பேருதான் ஏற்காடு, மலைப்பக்கம் எட்டியும் பாக்காது. ராத்திரி ஏறிப் படுத்தா விடியறதுக்கு முந்தியே சென்ட்ரல்ல தள்ளி உட்டுரும். ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். ஸ்லீப்பர் முந்நூறுக்குள்ள. அஞ்சு சீலை. ஆனா ரிசர்வேசன் இப்பெல்லாம் அறுவது நாளைக்கு முந்தித்தான் தெறக்கறான். முந்தி நூத்தி இருவது நாளா இருந்தது, 2024 நவம்பர்ல இருந்து பாதியாக்கிப்போட்டாங்க. நீ கடைசி வாரம் வரைக்கும் உக்காந்திருந்துபோட்டு, தட்கல்ல காலையில பதினோரு மணிக்குப் போனைக் குத்திக்கிட்டுக் கெடப்பே. அது சுத்துது சுத்துதும்பே. அப்பறம் ஆம்னி பஸ்ஸுக்காரன் சொல்ற வெலைக்குத் தலையாட்டுவே. சனி ஞாயிறுன்னா அவன் வெலையும் உன்ற ஸ்டேட்டஸ் மாதிரித்தான், அப்பப்ப மாறும்.

சென்ட்ரல்ல எறங்குனா வாசல்ல நிக்கற ஆட்டோக்காரன் மூஞ்சியைப் பாக்காதே. நேரா பாதாளத்துக்கு எறங்கு, மெட்ரோ. எத்தனை தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல இல்ல. ஆலந்தூர்ல எறங்கு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருக்கும், டவுன் பஸ்ஸும் இருக்கும். சாதாக் கட்டண பஸ்ஸுல பொம்பளைகளுக்கு 2021-ல இருந்து காசே இல்ல. உன்ற மாப்பிள்ளை தொணைக்கு வர்றேன்னு நின்னாருன்னு வெய்யி, அவருக்கு மட்டுந்தான் டிக்கெட்டு. தொணைங்கறது எத்தனை சீலைன்னு அவருகிட்டயே கேட்டுப்பாரு, ஊட்டுலயே இருந்துக்குவாரு.

தங்கறதுலதான் நீ சறுக்குவே. "ரூமே வேண்டாம் அப்புச்சி, தாம்பரத்துல சின்னம்மா ஊடு இருக்குது, செலவே இல்ல"ங்கறே. செலவே இல்லியாமா! ஒறம்பரை ஊட்டுக்கு வெறுங்கையோட போவியா? ஆப்பிளு, அல்வா, ரெண்டு கொழந்தைகளுக்கும் ஆளுக்கொண்ணு. அது எட்டுச் சீலை. போன ஒடனே சின்னம்மா, "உன்ற சரக்கைக் காட்டு சாமி, ஆசையா இருக்குது"ம்பா. காட்டுவே. ரெண்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, "காசு தரட்டுமா?"ன்னு கேப்பா. அந்தக் கேள்வியில இருக்கற வக்கணையைப் பாத்துக்கோ. குடுன்னு சொன்னா நீ பங்காளிப் பகையாளி. வேண்டாம்னா ரெண்டு சீலையோட மொதலும் போச்சு. அதை மீட்டெடுக்க இன்னும் பதினஞ்சு சீலை விக்கோணும். இதுபோக ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவ நாத்தனாவோட நகைப் பழமையை உக்காந்து கேக்கோணும். காலையில மண்டபத்துல உக்காந்தீன்னா கொட்டாவிதான் வரும். அஞ்சாயிரம் குடுத்துத் தூங்கறதுக்கு நம்ம வேப்பமரத்தடி என்ன கெட்டுப்போச்சு?

அதுக்கு மூவாயிரம் ரூபா ரூமே தேவலை. மூணு பேராச் சேந்து எடுங்க. உன்ற குரூப்புல சென்னிமலைப் பெட்சீட் விக்கற புள்ளை, பவானி ஜமக்காளம் விக்கற அம்மிணி ரெண்டு பேரும் வர்றாங்கதானொ? ஆளுக்கு ஆயிரம், பதினேழு சீலை. ராத்திரி மூணு பேரும் உக்காந்து எவன் சரக்கை ஒழுங்கா அனுப்பறான், எவன் பணத்தை இழுத்தடிக்கறான்னு பேசிக்குவீங்க பாரு, மேடையில பேசறவன் ஒருத்தனும் அதைச் சொல்ல மாட்டான்.

துணிமணி. "மாநாட்டுக்குக் கட்ட ஒண்ணுமே இல்ல"ன்னு நேத்து ஆத்தாகிட்ட மூக்கை உறிஞ்சுனியாமா. மச்சு முச்சூடும் சீலையை வெச்சுக்கிட்டு இதைச் சொல்றதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும். இருக்கறதுலயே விக்காத சரக்கு எதுன்னு பாரு, அந்த அரக்குக் கலரு, அதைக் கட்டிட்டுப் போ. நாலு பொம்பளைக, "எங்க எடுத்தீங்?"னு கேட்டா அது தீந்துது. ஆரும் கேக்கலீன்னா, அந்தச் சரக்கு ஏன் போவுலீன்னு காசில்லாமத் தெரிஞ்சுக்கிட்டே. ஏசி குளிருக்கு ஒரு சென்னிமலைப் போர்வையைப் பையில வெய்யி. விசிட்டிங் கார்டு ஆயிரம் அடிக்காதே, நூறு போதும். மிச்சத்தை உன்ற பையன் கப்பல் வுட்டுத்தான் தீக்கோணும்.

சோத்துக்கு நான் என்ன சொல்றது. மத்தியானம் டிக்கெட்டுலயே சாப்பாடு அடங்குதான்னு கேட்டுக்கோ. அடங்கலீன்னா புளிச்சோறு கட்டிக்கோ, ஒரு நாளுக்குத் தாங்கும். காலையில அம்மா உணவகத்துல இட்லி ஒத்த ரூபா, பொங்கல் அஞ்சு ரூபா. கௌரவம் கொறையுதுன்னு தோணுனா, மாநாட்டு அட்டையைக் கழுத்துல இருந்து கழட்டிப்போட்டுச் சாப்புடு.

மண்டபத்துக்குள்ள போனதுக்கப்பறந்தான் நெசமான திருவிழா. நானும் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைன்னு மூட்டை தூக்குனவன். சந்தைக்கு விக்கப் போனவன் பொழுதோட எதையாவது வாங்கிட்டு வந்தான்னா அவன் மூட்டை அடுத்த சந்தைக்கு எளைச்சுப்போயிருக்கும். அங்க உனக்கு எல்லாம் விப்பாங்க. விஐபி டிக்கெட்டாமா, பதினஞ்சாயிரம், வரியோட 17,700. அதுல என்ன எச்சு? மொத வரிசை நாற்காலி, பெரிய யாவாரியோட ராத்திரிச் சோறு, ஒரு போட்டோ. 295 சீலை குடுத்து எடுக்கற போட்டோவுல, பக்கத்துல நிக்கறவரு போனைப் பாத்துட்டு நிப்பாரு.

அப்பறம் ஒருத்தன் கோட்டுப் போட்டுட்டு வந்து, "உங்க பணம் உங்களுக்கே தெரியாமப் போயிட்டிருக்குது, ரகசியத்தை நாளைக்கு மாஸ்டர் கிளாஸ்ல சொல்றேன்"ம்பான். அந்த ரகசியத்தை நான் வெத்தலைக்கே சொல்றேன், கேளு. ஸ்டேட்டஸ் போக நீ சரக்கு ஏத்தி விக்கறியே, அந்த ஆன்லைன் கம்பெனிக்காரங்க உன்ற யாவாரத்துல நூத்துக்கு அம்பது காசு ஜிஎஸ்டி கணக்குல புடிச்சுக் கட்டறாங்க. 2024 ஜூலைக்கு முந்தி அது ஒரு ரூபாயா இருந்தது. வருசம் அஞ்சு லட்சத்துக்கு மேல வித்தா வருமான வரிக் கணக்குல இன்னும் பத்துக் காசு. ரெண்டும் உன்ற காசுதான், ஒழுங்காக் கணக்குத் தாக்கல் பண்ணுனா உனக்கே வரவு. உன்ற ஆடிட்டரு பேச்சுவாக்குல சொல்லிப்போட்ட விசயம். நீதான் காதுல ஹெட்போன் வெச்சிருந்தே.

சாஃப்ட்வேர் கடைக்காரன் வருவான். "மாசம் ஆயிரம்தாங்க, வருசமாக் கட்டுனா ஒரு பை இலவசம்"ம்பான். பன்னெண்டாயிரம், எரநூறு சீலை. பையோட வெலை சந்தையில எம்பது ரூபா. வேணும்னா ஒரு மாசத்துக்குச் சும்மா குடு, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு கேளு. மாட்டேன்னா நீயும், "வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்"னு சொல்லிப்போடு. உங்கிட்ட இத்தனை பேரு சொன்னாங்களே, ஒருக்காவாச்சும் நீ சொல்ல வேண்டாமா?

ஆனா ஒண்ணு, வெறுங்கையோடயும் திரும்பாதே. அங்க கூரியர் கடைக்காரன் ஒருத்தன் உக்காந்திருப்பான், கூட்டமே இருக்காது. அவன்கிட்டப் போயி உக்காரு. சீலையைக் காட்டு. உன்ற பார்சலு அட்டைப்பெட்டியோட எத்தனை எடை? ஐநூத்தி இருவது கிராம். அவன் கணக்கு அரைக் கிலோ அரைக் கிலோவாத்தான் ஏறும். இருவது கிராமுக்காவ இன்னொரு அரைக் கிலோ காசைக் கட்டறே. போதாததுக்கு, பெட்டியோட நீளம் அகலம் ஒசரத்தைப் பெருக்கி ஐயாயிரத்துல வகுத்து அது எச்சா வந்தா அதையே எடைன்னு வெச்சுக்குவான். பெட்டியில பாதி காத்து. காத்துக்கு நீ வாடகை குடுக்கறே. சீலையை ஒரு மடிப்பு எச்சா மடிச்சு, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அரைக் கிலோவுக்குள்ள அடக்க முடியுமான்னு அவன் தராசுலயே வெச்சுப் பாரு. பெட்சீட்டுக்காரப் புள்ளையையும் கூட்டிட்டுப் போ, அவளுக்கு இது இன்னும் பெரிய கணக்கு. பார்சலுக்கு இருவது ரூபா மிஞ்சுனாலும், முந்நூறு பார்சல்ல டிக்கெட்டுக் காசு திரும்பிருச்சு.

ரெண்டு நாளு நீ இல்லாத கடையையும் கணக்குல சேத்துக்கோ. வந்த ஆர்டரை நேரத்துக்கு அனுப்பலீன்னா அந்த ஆன்லைன் கம்பெனிக்காரங்க உன்ற மார்க்கைக் கொறைச்சு, சரக்கைக் கீழ தள்ளிப்போடறாங்கல்லொ? ஆத்தாளுக்குக் கவர் ஒட்டச் சொல்லிக் குடு. எனக்குச் சொல்லிக் குடுக்காதே, எனக்குச் சோலி இருக்குது.

காசை ரெண்டாப் பிரி. திரும்பி வர்ற செலவை இந்தச் சுருக்குப்பையில போட்டு இடுப்புல சொருவிக்கோ. ஜிபேயில வெச்சிருக்கறேங்காதே. ஜிபேயில இருக்கற காசு விரலு நுனியிலயே நிக்கும், கூப்புடாமயே போயிரும்.

என்ன சோலியா? அட, நானும் மெட்ராசு பாத்து ரொம்ப வருசம் ஆச்சு கண்ணு. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல எனக்கும் ஒரு டிக்கெட்டுப் போட்டுரு. மாநாட்டு டிக்கெட்டெல்லாம் வேண்டாம், மெரினாவுல காத்து வாங்கிட்டு உக்காந்திருப்பேன். கெழவங்களுக்குக் குடுத்துட்டிருந்த ரயில் சலுகையை 2020 மார்ச்சுலயே நிறுத்திப்போட்டாங்க, அதனால முழுக் காசுதான். போக அஞ்சு, வர அஞ்சு, பத்தே சீலை. சலுகைதான் போச்சே தவிர, அறுவது தாண்டுன ஆம்பளைக்குக் கீழ் பெர்த்து இன்னும் ஒதுக்கறான். வயசை ஒழுங்காப் போடு. எம்பதுன்னு போடு, பரவால்ல. சின்னம்மா ஊட்டுக்கு அல்வா நான் வாங்கிக்கறேன்.