சீசன் எத்தனை நாள்?

கேள்வி: எங்கள் தோட்ட ஃபுட்போல் லீக்கை நாலு கிழமையில் முடிக்கச் சொல்கிறார் தலைவர். பொடியன்மாரோ ஒவ்வொரு டீமும் பத்து மெட்சாவது ஆட வேண்டும் என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகர், நல்லதண்ணி

பதில்: சீசனைப் பற்றி நல்லதண்ணிக்காரர் என்னிடம் கேட்பதா! உங்கள் சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு யாத்திரைச் சீசன் முடிகிறது. பிறகு மழைதான், மூடுபனியில் கோல்போஸ்டே தெரியாது. அதற்குள் ஆடி முடியுங்கள்.

அமெரிக்காவில் நெஸ்காக் என்று சின்னக் கல்லூரிகளின் லீக் ஒன்று. (அது முட்டைப் பந்து, சண்டை மட்டும் உங்களுடையதே.) பத்து டீம், ஆளுக்கு 8 மெட்ச். ஆகவே வருசா வருசம் ஒவ்வொரு டீமிடமிருந்தும் எதிரி ஒருவன் தப்பிவிடுவான். 2017இல்தான் 9 ஆக்கினார்கள். கொழும்பு றோயலும் கண்டி திரித்துவமும் ரக்பியில் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயத்துக்கோ இரண்டே ஆட்டம், புள்ளியைக் கூட்டினால் முடிந்தது.

ஆகவே முதலில் டீமை எண்ணுங்கள். பந்து கானுக்குள் உருண்டு கீழ்மலைக்குப் போனால் தேயிலைக்குள் தேடும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவரின் நாலு கிழமை ஒரு மெட்சுக்கே காணாது.