ஆயாவின் ரேடியோவும் ஒற்றை டிக்கும்

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் அந்தச் சேதி ராயபுரத்துச் சந்துகளில் மழைக்கு முன்னாலேயே ஓடிவரும். நைனா கடலில் இருந்தால் அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழி இருக்காது. ஆயா ரேடியோவில் வானிலை அறிக்கையைக் கேட்பாள், முடிந்ததும் அணைத்துவிட்டு காசிமேட்டுக் கரைக்கு நடப்பாள். மற்ற பெண்களும் அங்கே வலையோடு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது அழுதால், "இன்னாத்துக்கு அழுவுற, வந்துருவான்டீ" என்று ஒருத்தி முதுகைத் தடவுவாள். அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆயாவின் கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தனியாக நடுங்கியதைப் பார்த்ததில்லை.

இப்போது தம்பி மகன் லாஞ்சில் போகிறான். காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் அவன் மனைவியின் செல்போனில் மணிக்கு மணி வருகிறது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் தாண்டினால் அவனுக்கு டவர் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரியெல்லாம் அதையே திறந்து திறந்து பார்ப்பாள். அவள் பிறந்த வீடு எண்ணூர் பெரியகுப்பம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே தெருவுக்கு ஓடியது. அன்றிலிருந்து நெடி ஏதாவது வந்தாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஈசிஜி எடுத்தோம், இதயத்தில் கோளாறு இல்லை.

மனநல மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு வேகமாக அடிப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுதான், உயிருக்கு ஒன்றும் ஆகாது. போனைப் பார்த்ததும் ஒரு நொடி நிம்மதி வருகிறது. அந்த நொடிக்காகவே மனசு மறுபடி பார்க்கச் சொல்கிறது, பதற்றமும் வளர்கிறது. காலையும் மாலையும் மட்டும் வானிலை பார்க்கச் சொன்னார், இடையில் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். படபடப்பு வந்தால், இழுப்பதைவிட நீளமாக மூச்சை விடவேண்டும். ஆயா கேட்டிருந்தால் இதில் புதிதாக என்ன என்றிருப்பாள். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அவளுக்கு இப்போது பரவாயில்லை, தூங்குகிறாள். ஆனால் மூச்சை நீளமாக விட்டால் அம்மோனியா நிற்காது. அந்தப் பயத்துக்கு மருந்து அவளிடம் இல்லை, ஆலைகளிடமும் அரசிடமும் இருக்கிறது. குழாய் கசிந்தால் எந்தச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் ஓடவேண்டும், யார் வண்டி கொண்டுவருவார்கள் என்று பெரியகுப்பத்து வீடு ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே சொல்லி, ஒத்திகையும் பார்த்துவைக்க வேண்டும்.