தடை ஓடினவருக்கு மட்டும்தானா?

மாவட்டப் போட்டிகளும் போலீஸ் உடல்தகுதித் தேர்வுகளும் நெருங்கினாலே ஊக்கமருந்து பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். இந்த வாரமும் அப்படித்தான். அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்தில் சிக்கினால் 80 ஆட்டம் தடை என்று படித்தேன். நம் ஓட்டக்காரர்களுக்கு மட்டும் நான்கு வருடமா? ஏன் இந்த வித்தியாசம்? (கல்லூரி மாணவர், ராஜபாளையம்)

அங்கே வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, தம்பி. மேஜர் லீக் பேஸ்பாலில் தண்டனை என்ன என்பதை முதலாளிகளும் வீரர் சங்கமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். 2005-ல் முதல் தவறுக்கு வெறும் 10 நாள் தடை. அமெரிக்க நாடாளுமன்றம்வரை விவகாரம் போய் நெருக்கடி கூடியதும் 2006-ல் அது 50 ஆட்டம் ஆனது. 2014 முதல் 80 ஆட்டம், அதாவது ஏறக்குறைய அரை சீசன். இரண்டாவது முறை 162 ஆட்டம், ஒரு முழு சீசன். மூன்றாவது முறை ஆயுள் தடை. தடைக் காலத்துக்குச் சம்பளம் கிடையாது. அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2014 சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். 2 கோடி டாலருக்கு மேல் போயிற்று. அவருக்கு முதலில் விதித்தது 211 ஆட்டம். சங்கம் வாதாடியது, நடுவர் 162 ஆகக் குறைத்தார்.

நம் ஓட்டக்காரர்கள் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதிக்குக் கீழ் வருகிறார்கள். ஸ்டீராய்டு என்றால் தொடக்கமே நான்கு வருடம். ஓடுகிறவரின் ஆயுளில் நான்கு வருடம் என்பது பெரும்பாலும் மொத்த வாழ்க்கை. விதி கடுமையாக இருப்பது எனக்குச் சம்மதமே. விசாரணை அறையில் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார ஒரு சங்கம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: திருச்சி கோமதிக்கு நடந்தது என்ன? தங்கம் வாங்கியபோது கொண்டாடினோம், அப்புறம் பேச்சே இல்லை. (இல்லத்தரசி, மம்சாபுரம்)

பேச்சு இல்லாமல் போனதே ஒரு அநியாயம் அம்மா. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் கிராமம். கோமதி மாரிமுத்து அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டி, பெண்கள் 800 மீட்டர். கடைசித் திருப்பம்வரை பின்னால் இருந்தவர், நேர்ப்பாதையில் முந்தி 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கத்தைத் தொட்டார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அப்போது அவருக்கு வயது 30. தேர்தல் நேரம் வேறு. கட்சிகள் வரிசையாகப் பரிசுத் தொகை அறிவித்தன.

மே மாதமே செய்தி வந்துவிட்டது. அவருடைய சிறுநீரில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம். 2020 ஜூனில் தீர்ப்பு: 2019 மே 17 முதல் நான்கு வருடத் தடை, தங்கம் பறிப்பு. பதக்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போனது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று கோமதி சொன்னார். அந்த வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. தீர்ப்பில் வரும் மாதிரிகள் நான்கு. முதல் மாதிரியை எடுத்தது பாட்டியாலாவில், மார்ச் 18 அன்று. தோஹா ஓட்டம் ஏப்ரல் 22. நடுவில் ஐந்து வாரம். அந்த முதல் மாதிரியின் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். தேசமே கொண்டாடி, அப்புறம் தேசமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் கொடுமையாவது தவிர்ந்திருக்கும். அதே ஆகஸ்டில் டெல்லியில் இருந்த தேசியப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை வாடா நிறுத்திவைத்தது. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில்.

கோமதி தவறு செய்தாரா என்றால், விதிப்படி செய்தார். அந்த மருந்து அவர் உடம்புக்குள் எந்தக் கை வழியாக வந்தது? அந்தக் கைக்கு என்ன தண்டனை? இந்த இரண்டு கேள்விக்கும் எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை.

கேள்வி: புதுக்கோட்டை சாந்தியும் ஊக்கமருந்தில்தானே பதக்கம் இழந்தார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்திராயிருப்பு)

இல்லை ஐயா, இதைத் தயவுசெய்து நாலு பேரிடம் திருத்திச் சொல்லுங்கள். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அதைப் பறித்தது பாலினச் சோதனையின் பேரில். ஊக்கமருந்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு பெண்ணின் உடம்பை ஊர் முழுக்கப் பேசுபொருளாக்கிய குற்றம் நம்முடையது.

கேள்வி: போட்டி அன்று டீ, காபி குடிக்கலாமா? (பத்தாம் வகுப்பு மாணவி, மல்லி)

தாராளமாக. காஃபீனைத் தடைப் பட்டியலிலிருந்து 2004-லேயே எடுத்துவிட்டார்கள். கசகசா அரைத்த குருமாவை மட்டும் போட்டி முடிகிறவரை ஒதுக்கி வை. கசகசாவில் மார்ஃபினின் தடயம் இருக்கும். சோதனையில் அது தெரியக்கூடும்.

கேள்வி: சளிக்கு மருந்து குடித்ததற்குக்கூடத் தடையா? நம்ப முடியவில்லை. (கிரிக்கெட் ரசிகர், கிருஷ்ணன்கோவில்)

நம்புங்கள். 2019 பிப்ரவரியில் இந்தூரில் பிரித்வி ஷாவிடம் எடுத்த மாதிரியில் டெர்பூட்டலின் இருந்தது. மெடிக்கல் கடையில் நாம் கேட்டு வாங்கும் பல இருமல் சிரப்புகளில் இருக்கும் அதே சரக்கு. அப்போது அவருக்கு 19 வயது. எட்டு மாதத் தடை. யூசுஃப் பதானுக்கும் இதே மருந்தால் ஐந்து மாதம் போனது.

இருவருக்கும் பின்னால் கிரிக்கெட் வாரியம் இருந்தது. தண்டனையை முன்தேதியிட்டுத் தொடங்கினார்கள். மாதங்களில் கணக்கு முடிந்தது. மம்சாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு இதே சிரப்பால் சிக்கல் வந்தால் தேதியை எண்ணிப் பேச யார் இருக்கிறார்கள்? ஆகவே டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "நான் போட்டிகளில் விளையாடுகிறேன், தடை இல்லாத மருந்தாக எழுதுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா போன்ற நோய்க்கு அந்த மருந்தேதான் வேண்டுமென்றால், சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கடைக்காரரிடம் "இருமலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பது விளையாட்டு வீரருக்கு ஆகாது.

கேள்வி: ஜிம்மில் "ஒரு ஸ்டீராய்டு சைக்கிள் போட்டா மூணு மாசத்துல உடம்பு வந்துடும்" என்கிறார்கள். நான் போட்டிக்கெல்லாம் போகப்போவதில்லை. போடலாமா? (மில் தொழிலாளி, ராஜபாளையம்)

கூடாது தம்பி. உன்னைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் ஆபத்து உனக்குத்தான் கூடுதல். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் ஹார்மோன் சுரப்பை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெருக்கும். இதயத் தசை தடித்து, ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும். ஈரலும் பாதிக்கப்படும். ஊசியை நிறுத்தியதும் வந்த சதையும் வடிந்து, மனசும் சோர்ந்துபோகும்.

இப்போது இன்னொன்றும் ஜிம் வாசலில் கைமாறுகிறது: மெஃபென்டெர்மின் ஊசி. ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழும்போது மயக்க மருந்து நிபுணர் அளந்து போடும் மருந்து அது. எடை தூக்குவதற்கு முன்னால் அதை நரம்பில் ஏற்றிக்கொள்வது இதயத்தோடு சூதாடுவது. அதை விற்பவர் யாரென்று தெரிந்தால் மருந்து ஆய்வாளருக்கோ போலீசுக்கோ சொல். உன் பெயர் வெளியே வராமலும் சொல்லலாம்.

கேள்வி: புரோட்டீன் பவுடராவது பாதுகாப்பானதா? டப்பாவில் எல்லாம் அச்சடித்திருக்கிறதே! (கபடி வீரர், சேத்தூர்)

ஆண்டாள் கோயில் வாசலில் வரிசையாகப் பால்கோவா கடைகள். எல்லா அட்டையிலும் சுத்தமான பசும்பால் என்றுதான் போட்டிருக்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சியது எது, பவுடர் கலந்தது எது என்று நாக்கில் வைத்தால் நம் ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும். புரோட்டீன் பவுடர் டப்பாவில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எந்த நாக்குக்கும் தெரியாது; ஆய்வகக் கருவிக்கு மட்டும் தெரியும். அச்சடிக்காத சரக்கு உள்ளே இருப்பது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. பெயர் எழுதாத லேகியமும் சூரணமும் இதே கணக்கில்தான் சேர்த்தி. முட்டை, நிலக்கடலை, சுண்டல், பால் போதும் உங்களுக்கு.

கேள்வி: சோதனை எப்படி நடக்கும்? என் மகள் மாநில அளவில் ஓடப்போகிறாள், பயப்படுகிறாள். (தாய், தளவாய்புரம்)

பயப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டு போனால் போதும். ஓட்டம் முடிந்ததும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் அலுவலர் வந்து அறிவிப்பார். அந்த நிமிடத்திலிருந்து மகள் அவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிறுமி என்பதால் நீங்களோ பயிற்சியாளரோ கூடவே இருக்கலாம், கட்டாயம் இருங்கள். சீல் வைத்த டப்பாக்களில் ஒன்றை அவளேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண் அலுவலர் ஒருவர் பார்த்திருக்க, குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுக்க வேண்டும். அதை 'ஏ', 'பி' என்ற இரண்டு பாட்டில்களில் அவளே ஊற்றி, அவளே மூடி இறுக்குவாள். மூடி பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். பாட்டில் எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று இருவரும் பாருங்கள். சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகளைக் கேட்கும் இடத்தில் சளி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்கு மறுப்பதும் ஓடி ஒளிவதும் சிக்கியதற்குச் சமம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு நாடா ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஓட வந்தவர் ஒரே ஒருவர். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் சிதறிக் கிடந்தன. அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தனியே ஓடிய அந்தப் பையனை நினைத்து, ஓடாமல் போனவர்களையும் நினைத்து.

கேள்வி: சதுரங்கத்துக்கும் சோதனை உண்டாமே? (மாணவர், சத்திரப்பட்டி)

உண்டு. 2008-ல் டிரெஸ்டன் ஒலிம்பியாடில் தோற்ற கோபத்தில் உக்ரைனின் இவான்சுக் மாதிரி கொடுக்காமல் போய்விட, பெரிய விவகாரம் ஆயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை என்று கடைசியில் விட்டுவிட்டார்கள்.

கேள்வி: இந்தியாதான் உலகத்திலேயே மோசமா? (வாசகர், முகவூர்)

நிறையச் சோதிக்கும் நாடுகளில், ஆம். 2024-ல் நம் நாட்டில் 7,113 மாதிரிகளைச் சோதித்ததில் 260 பாசிட்டிவ். நூற்றுக்கு 3.6. நம்மைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சோதித்த சீனாவில் ஐம்பதுகூட இல்லை. சோதனை கூடியதால்தான் எண்ணிக்கை கூடியது என்று சொல்லித் தப்பிக்க இந்த விகிதம் இடம் கொடுக்காது. ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம் போதும் என்ற நிலையில் வறுமையோடு இருக்கிற பிள்ளையிடம் ஊசி விற்பது சுலபம். 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்தப்போகிற நாடு, மைதானம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கேள்வி: பயிற்சியாளர் "சத்து மாத்திரை" என்று கொடுக்கிறார். குருவிடம் கேள்வி கேட்பது மரியாதையா? (ஓட்டக்காரரின் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர்)

கேட்பதுதான் மரியாதை. டெல்லி காமன்வெல்த் தங்கம் வாங்கிய தொடர் ஓட்டப் பெண்கள் உட்பட ஆறு பேர் 2011-ல் சிக்கினார்கள். அஸ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மன்தீப் கௌர் எல்லாம் அதில் உண்டு. சீனாவில் வாங்கிய ஜின்செங் மாத்திரைதான் காரணம், நாங்கள் தெரிந்து எடுக்கவில்லை என்றார்கள். முதலில் ஒரு வருடத் தடை. சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் அதை இரண்டாக்கியது. உக்ரைன் பயிற்சியாளருக்கு வேலை போனது. 2021-ல் பாட்டியாலாவில் பி.டி. உஷாவின் 200 மீட்டர் போட்டிச் சாதனையை முறியடித்த திருச்சி தனலட்சுமி, அடுத்த வருடமே ஸ்டீராய்டில் சிக்கி மூன்று வருடத் தடை பெற்றார். உடம்புக்குள் போனதற்கு உடம்புக்காரர்தான் பொறுப்பு என்பது விதி. "சார் கொடுத்தார்" என்பது பதிலாகாது.

ஆனால் அதே வாடா விதியில் இன்னொரு வரி இருக்கிறது. தடை மருந்தை ஊட்டியவருக்கும் விற்றவருக்கும் நான்கு வருடம் முதல் ஆயுள்வரை தடை போடலாம். சிறுவர்கள் சிக்கினால் கூட இருந்தவர்களையும் விசாரித்தே ஆக வேண்டும். 2022-ல் நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. வரி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பயன்படுத்துவது அரிதாக இருக்கிறது. ஏனென்றால் மாத்திரை கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. பிள்ளையிடம் ஆதாரம் இல்லை.

அதனால் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். மாத்திரையை அட்டையோடு கேட்டு வாங்கட்டும். பெயரை நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் போட்டுப் பார்க்கட்டும். தேதி, மருந்தின் பெயர், கொடுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பெயர் சொல்லாத, அட்டை காட்டாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்க வேண்டாம்.