படர்தாமரைக்கு என்னடா கௌரவக் கொறச்சல்?

வாடா தம்பி, இஞ்ச வந்து குந்து. ஒரு கையில போனு, இன்னொரு கை இடுப்புல. சொறியுறியா, படம் எடுக்குறியா?

போனுல பேரு தேடுறியாக்கும். அலர்ஜிங்குது, எக்சிமாங்குது, ரத்தம் கெட்டுப்போச்சுங்குது. ஒனக்கும் ஒரு பெரும! படிச்ச புள்ளைக்கு வந்தது வெறும் படர்தாமரைன்னா மானம் போயிருமோ?

கண்ணால பாருடா. ஓரம் செவந்து மேடு தட்டி, செதில் உதிருதா? நடுவுல தெளிஞ்சிருக்கா? போன வாரத்தவிட வட்டம் அகண்டிருக்கா? வேர்த்தா அரிப்பு தாங்கலியா? அதேதான். காளான் சாதி. ஈரமும் புழுக்கமும் கெடச்சா அதுக்கு முப்போகம். சித்திரை வெயில்ல இறுக்குன ஜீன்ஸோட கும்மோணம் பஸ்ஸுல தொங்குறியே, கேக்கணுமா?

எல்லா அரிப்பும் அதுன்னும் எண்ணிடாதே. ராவுல பாய்ல சாஞ்சதும் வெரல் இடுக்கு பிச்செடுத்து, வீடே சொறிஞ்சா சிரங்கு. நெஞ்சு முதுகுல வெளிறி, அவ்வளவா அரிக்கலன்னா தேமல். ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்து, குறுவை நடவுல நின்ன கால்வெரல் இடுக்கு வெளுத்து வெந்துச்சுன்னா சேத்துப்புண்ணு. வெளிறின எடத்தக் கிள்ளுனாலும் ஒறைக்கலியா? அப்ப சிரிக்காதே. ஆரம்ப சுகாதார நெலையத்துக்கு ஓடு. தொழுநோயா இருக்கலாம். மருந்து இனாம், கொணமாயிரும்.

சரி, என்னத்தப் பூசுனே? மருந்துக்கடையில கேட்டு வாங்குன களிம்பா? ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுச்சா? நிக்கும்டா. ஸ்டீராய்டு கலந்திருந்தா செவப்ப அமுக்கிப்புட்டு, காளான உள்ள வளத்துவிடும். அப்புறம் வட்டம் கலைஞ்சு டாக்டருக்கே அடையாளம் தட்டாது. தோலு மெலிஞ்சு வரிவரியாயிரும். இந்த மாதிரி களிம்பு பலதையும் சீட்டில்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே சர்க்காரு சொல்லிப்புட்டு. சொன்னா? நாமதான் கேட்டுட்டாலும்!

ஈரத்துண்டு, அர்ணாக்கயிறு ரெண்டையும் மொதல்ல கழட்டு. துணிய வெயில்ல காயப்போடு. அடுத்தவன் துண்டத் தொடாதே. வீட்டுல யாரு சொறிஞ்சாலும் சேத்து வைத்தியம் பாரு. அரிப்பு நின்ன மறுநாளே மருந்த நிறுத்தாம, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடு.

அவருகிட்ட போனக் காட்டாதே, இடுப்பக் காட்டு. வெக்கமா இருக்கா? பழைய பஸ்ஸ்டாண்டுல ஊரு பாக்க சொறிஞ்சியே, அப்ப எங்கடா போச்சு அந்த வெக்கம்?