பட்டன் மாமா

டயர் மாற்ற வேண்டும் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பட்டன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கார் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் துணிக்கடை வாசலில் நிற்கும் யாருடைய காராகவும் இருக்கலாம். கட்டைவிரலைப் பள்ளத்துக்குள் விட்டு ஓர் அழுத்து. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தீர்ப்பு:

"பட்டன் இருக்குல்ல? அப்பறம் என்னத்துக்கு மாத்தணுங்குறே?"

பட்டன், அதாவது டயரில் ரோட்டைத் தொடுகிற பாகம் மட்டும்தான் மாமாவின் ஆளுகைக்கு உட்பட்டது. பக்கவாட்டில் ரப்பர் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தாலும் அது அவர் கண்ணில் படாது. பட்டால், "பித்தவெடிப்புக்குக் காலையா மாப்ள வெட்டுவாங்க?" என்று கேட்டு எழுந்துவிடுவார். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதோடு வழக்கு முடிந்தது.

அவருடைய வெள்ளைக் கார் திருக்கோகர்ணத்தில் வீட்டு வாசலில் நிற்கிறது. பக்கத்திலேயே வேப்பமரம் உண்டு. மரத்தடியில் விட்டால் காக்கை எச்சம் போட்டுப் பெயிண்ட் போய்விடும் என்பதால் மேற்கு வெயில் முழுசாக இறங்குகிற இடத்தில்தான் நிறுத்துவார். ஆவுடையார்கோயிலில் காதுகுத்து, திருமயத்தில் கிரகப்பிரவேசம், சிங்கப்பூரிலிருந்து வரும் மருமகனுக்காகத் திருச்சி விமான நிலையம். இவ்வளவுதான் அந்த வண்டியின் உலகம். எட்டு வருஷமாகியும் பட்டன் தேயவில்லை. சைடில்தான், கம்பெனிப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, வட்டம் முழுக்க வெடிப்பு.

"ஓடாத வண்டியில டயர் எப்படி மாப்ள கெடும்?"

ஓடாததும் ஒரு காரணம் மாமா என்று விளக்கப் போனேன். ரப்பரைக் காற்றில் இருக்கிற ஓசோன் தாக்கும். இழுபட்டு நிற்கிற இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே மெழுகும் வேறு சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். சக்கரம் உருள உருள, பக்கச்சுவர் மடங்கி நிமிர, அந்த மெழுகு மேலே கசிந்து வந்து மெல்லிய படலமாகப் படியும். மாசக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டியில் அது சரியாக வெளியே வராது. போதாததற்குப் புதுக்கோட்டை வெயில் வேறு. காற்று குறைந்து நின்றால் சைடு இன்னும் பிதுங்கி, வெடிப்பு சீக்கிரம் விழும்.

மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் சொன்னார்: "மெழுகுதானே? பூசிட்டாப் போச்சு."

மறுநாள் டயர் பாலிஷ் பாட்டில் ஒன்று வந்து இறங்கியது. பழைய பனியனால் தேய்த்தார். நாலு டயரும் ஷோரூமிலிருந்து வந்ததுபோல் மினுங்கின. வெடிப்பு எங்கே என்று காட்டச் சொன்னார். காட்ட முடியவில்லை. பாலிஷ் அதற்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. வெடிப்பு போகவில்லை, பார்க்கிற வழிதான் போயிற்று.

டயருக்குப் பிறந்த தேதி உண்டு என்பதையும் அவர் ஏற்பதில்லை. சைடில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து போனால் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். மாமாவைப் பொறுத்தவரை அது பேட்ச் நம்பர். ஐந்து வருஷம் ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருஷம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்று என்று மிச்செலின் சொல்கிறது. "டயர் விக்கிறவன் வேற என்னய்யா சொல்லுவான்?" இந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பேரன் ஒருநாள் பால் வாக்கர் கதையை எடுத்தான். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் நடிகர், 2013 நவம்பரில் போர்ஷே காரில் போய் இறந்தார், அந்த டயர்களுக்கு வயசு ஒன்பது, அந்தக் காரும் அதிகம் ஓடாத கார்தான் என்றான். "அவன் போன வேகம் அப்படிடா" என்றார் மாமா. விசாரித்த போலீசும் வேகத்தைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. அந்தச் சுற்றில் மாமாவுக்கே வெற்றி. நான் விடாமல் இங்கிலாந்து பஸ்ஸைக் கொண்டுவந்தேன். 2012 செப்டம்பரில் இசை விழாவுக்குப் போய்த் திரும்பிய பஸ்ஸில் முன் டயர் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். டயருக்கு வயசு 19, பஸ்ஸைவிட மூத்தது. பழைய டயரைத் தடுக்க அப்போது அங்கே சட்டமே இல்லை. 2021-இல்தான் பஸ், லாரிகளின் முன் அச்சில் பத்து வருஷம் தாண்டிய டயர் கூடாது என்றார்கள். மாமா கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸுக்குத்தானே?"

சட்டம் என்றால் மாமாவுக்கும் தெரியும். 1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி, காருக்குப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்வார். அதே விதி, உள்நூல் தெரிந்தாலோ ஓரிடத்தில் புடைத்தாலோ டயர் நல்ல நிலையில் இல்லை என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுவார். 1.6 மில்லியை அளக்க அவரிடம் கருவி வேறு இருக்கிறது: பூஜை அறையில் இருக்கும் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்ற எழுத்து. 320 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய் என்றிருந்த புதுக்கோட்டை சமஸ்தானச் செப்புக்காசு. சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு சேர்ந்து காசும் செல்லாமல் போயிற்று. மாமா வீட்டு டயர்ப் பள்ளத்தில் மட்டும் இன்னும் புழங்குகிறது. காசு நட்டமாக நின்றால் அம்பாள் உத்தரவு கொடுத்துவிட்டாள்.

சைடு வெடிப்பைப் பற்றி மிகவும் நெருக்கினால் சித்தன்னவாசல் குகை ஓவியங்களுக்கு அழைத்துப் போய்விடுவார். "அந்தச் சித்திரமெல்லாம் ஆயிரம் வருசமா வெடிச்சுக்கிட்டுதான் இருக்கு. விழுந்துருச்சா?" நிறையவே விழுந்துவிட்டது மாமா. மிச்சம்தான் நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது.

இனிமேல் சிரிக்காமல் சொல்கிறேன். முடி மாதிரி மெல்லிய கோடு, மேலோடு நிற்கிறது என்றால் உடனே பயப்பட வேண்டாம். காற்றைச் சரியாக வைத்து, அடிக்கடி பார்த்து, மெதுவாக ஓட்டலாம். ஆனால் நகம் உள்ளே இறங்குகிற வெடிப்பு, நூல் தெரிகிற வெடிப்பு, பக்கத்தில் வீக்கம், இதில் எது இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. ரோட்டைத் தொடும் பாகத்துக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கிறது. சைடில் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலும் ரப்பரும்தான். வண்டியின் கனத்தை வாங்கி வளைந்து கொடுப்பது அந்த மெல்லிய சுவர். அது வெடித்தால் பஞ்சர் மாதிரி காற்று சொய்யென்று இறங்காது. மே மாதம், நார்த்தாமலைப் பக்கம், நூறில் போகிற கார், உள்ளே மகளும் பேரப்பிள்ளைகளும். டயர் கிழிந்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பது மாமா கையில் இல்லை. எதிரே எக்ஸெல் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு வருகிறவருக்கு அம்மன் காசு விவரம் எதுவும் தெரியாது. மகள் கல்யாணத்துக்குப் பந்தல் லைட்டுக்கு மட்டும் மாமா செலவழித்ததில் இரண்டு செட் டயர் வாங்கலாம். இதைக் கணக்குப் போட்டு அவரிடமே சொன்னேன். "பந்தல் நாலு பேர் பாக்குறது" என்றார்.

இவ்வளவு எரிச்சலும், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலி என்று யாராவது போன் பண்ணினால் மறந்துவிடுகிறது. தெருவில் முதலில் லைட் எரிவது மாமா வீட்டில்தான். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்துவிடுவார். பெட்ரோல் காசு கேட்டதில்லை. பின்சீட்டில் கிடப்பவருக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நெஞ்சுவலி ஒன்றுதான் கவலை. கூடப் போகிற எனக்கு நாலு டயரும் கவலை. ஸ்டெப்னியையும் சேர்த்தால் ஐந்து. அது தரையையே தொடாதது, அதனால் புத்தம் புதுசு என்பது மாமா வாதம். டிக்கிக்குள் இருட்டில் கிடந்தாலும் அதற்கும் அதே வயசு.

அவரை மாற்றியது நானில்லை. திருச்சி ரோட்டில் பஞ்சர் கடைப் பையன். சைடில் முள்ளாணி ஏறி, ஒட்டித் தா என்று மாமா போய் நின்றார். பையன் டயரைக் கழற்றிக் கீழே போட்டு, முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தினான். பாலிஷுக்குள்ளிருந்து வெடிப்பு வாய் பிளந்தது. உள்ளே வெள்ளையாக நூல். "சைடுல ஒட்ட மாட்டோம் பெரியப்பா. இதுலயா இம்புட்டு நாளும் ஓட்டுனீங்க?" மாமா பட்டனைத் தடவிக் காட்டினார். அவன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

நாலும் புதுசாக மாறியது. பேரம், பழசுக்கு விலை, இலவசமாக வீல் பேலன்சிங் எல்லாம் உண்டு. பழசுக்குக் கடைக்காரர் சொன்ன தொகை அவமானமாகப்பட்டதால் நாலையும் வீட்டுக்கே கொண்டுவந்து மொட்டைமாடியில் அடுக்கினார். ஐப்பசி மழை பிடித்தது. கொசுப்புழு பார்க்க வருகிற பெண் மாடி ஏறினார். ஒவ்வொரு டயராகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, இதையெல்லாம் இன்றைக்கே அப்புறப்படுத்தணும், டெங்கு வரும் என்றார். நல்ல டயர், தூக்கிப்போட மனசு வரலை என்று மாமா பின்னாலேயே நடந்தார்.

"அம்புட்டு நல்லா இருந்தா உங்க வண்டியிலயே போட்டுக்க வேண்டியதுதானேய்யா?"

மாமா நின்றுவிட்டார். படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே நிற்கிற காரைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த அத்தை அவசர அவசரமாக மேலே வந்து, அந்தப் பெண்ணின் கையில் ஒரு டம்ளர் மோரைத் திணித்து, "நாலையும் இப்பவே தள்ளிக்கிட்டுப் போயிரும்மா, ஆட்டோவுக்கு நான் காசு தர்றேன்" என்றார்.